நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி: ஆள் பஞ்சமா, எறிதல் பஞ்சமா?

ஏரிக்கரை எழுதியது:

நம் கல்லூரி ஆண்கள் அணி இந்த ஆண்டும் கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. சென்ற ஆண்டும் இதுவே நடந்தது. தோற்ற அன்று இரவே பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இந்தப் பையன்களிடம் சரக்கு இல்லை" என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை; அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து தங்கிவிட்டவர்களும், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்களுமாகத் தமிழ் பேசுகிற பலர் இந்த அணியில் ஆடியிருக்கிறோம். கோபத்தை ஒதுக்கிவிட்டு, குறை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

நான் ஆட்டத்தை நேரில் பார்த்தேன். முதல் கால் பகுதி முடிவதற்குள்ளாகவே எதிரணியின் பயிற்சியாளர் தம் ஆட்களை இரண்டு-மூன்று ஸோன் தடுப்பில், அதாவது ஆளுக்கு ஆள் மறிக்காமல் ஆளுக்கோர் இடத்தைக் காக்கும் முறையில், நிறுத்திவிட்டார். முன்னால் இருவர், ரிங்குக்குக் கீழே மூவர். வெளியே நம் பையன்கள் தனித்து நின்றார்கள். அவர்களை மறிக்க ஒருவரும் ஓடி வரவில்லை. வெளியிலிருந்து எறிந்தால் விழாது என்பது எதிரணிக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நம்முடைய உயரமான இரண்டு பையன்களுக்குப் பந்து போன போதெல்லாம் அவர்களைச் சுற்றி மூன்று பேர் கை தூக்கி நின்றார்கள். பந்து கை நழுவியது, பறிபோனது, வெளியே திரும்பி வந்தது. காலரியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது உயரமான பையன்களின் திறமைக் குறைவாகத் தெரிந்தது. நான் அப்படிப் பார்க்கவில்லை. வெளியே எறிகிறவர்கள் விட்ட வாய்ப்புகளுக்கு உள்ளே நின்றவர்கள் பெயர் கெட்டார்கள்.

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. ஆட்டங்களை மட்டும் பார்த்துப் பழகிய நண்பர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே தடுப்பாட்டக்காரர் ஒருவர் யாரையும் நெருங்கி மறிக்காமல் ரிங்குக்குக் கீழே வரைந்த கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. நம் கல்லூரிப் போட்டிகள் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளின்படி நடக்கின்றன. அவ்விதிகளில் அந்தத் தடை இல்லை. ஆகவே வெளியிலிருந்து எறியத் தெரியாத அணிக்கு இங்கே தண்டனை இரட்டிப்பாகிறது: எறிந்த பந்தும் விழுவதில்லை, உள்ளே ஆடவும் இடம் கிடைப்பதில்லை. இந்த அணியில் திறமை இருக்கிறதா இல்லையா என்பதை, எறிதல் ஓரளவு சீரான பிறகுதான் நம்மால் காணவே முடியும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

ஆறாம் எண் எழுதியது:

ஏரிக்கரை ஐயா, உங்கள் பரிவைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் உடன்படவில்லை. நான் இதே அணியில் கார்டு இடத்தில், அதாவது பந்தைத் தட்டி நகர்த்தி ஆட்டத்தை உருவாக்கும் இடத்தில், ஆடியவன். எறிதல் என்பது கடைசிச் செயல். அதற்கு முன்பு யாராவது ஒருவர் தம்மை மறிக்கிறவரைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். அப்போதுதான் இரண்டாவது ஆள் உதவிக்கு வருவார். அப்போதுதான் வெளியே நிற்பவருக்கு நிதானமாக எறிகிற வாய்ப்புப் பிறக்கும். இன்றைய அணியில் முதல் தடுப்பாளரைப் பந்தோடு தாண்டக்கூடிய கார்டு ஒருவர்கூட இல்லை. பந்து வெளியிலேயே கை மாறிக்கொண்டிருக்கிறது. எறிவதற்குள்ள 24 விநாடிக் கெடு முடியப் போகிற நேரத்தில் யார் கையில் பந்து இருக்கிறதோ அவர் வேறு வழியின்றி எறிகிறார். அப்படிப்பட்ட பந்தை எவர் எறிந்தாலும் விழுவது அரிது.

நீங்கள் தனித்து நின்று எறிந்ததாகச் சொல்கிற பந்துகளில் பாதி, கடைசி ஐந்து விநாடிகளில் எறியப்பட்டவை. இது எறியும் குறை அன்று. ஆட்டத்தை உருவாக்கும் ஆள் இல்லாத குறை. அதைத்தான் நாங்கள் திறமைப் பஞ்சம் என்கிறோம். நல்ல கார்டு ஒருவரை விளையாட்டு ஒதுக்கீட்டில் கொண்டுவராத வரையில் மற்ற பேச்சால் பயன் விளையாது.

மேசைக்குறிப்பாளர் எழுதியது:

நான் பல போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்காருகிறவன். அதிகாரப்பூர்வத் தாளில் புள்ளி, ஃபவுல், டைம் அவுட் போன்றவைதான் ஏறும். ஆனால் எறிந்த பந்து எந்த இடத்திலிருந்து வந்தது, தவறியபோது ரிங்கின் எந்தப் பக்கம் பட்டது என்பதைத் தனியே ஒரு நோட்டில் குறித்து வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எங்கிருந்து எறிகிறார்கள் என்பது. நம் பையன்கள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று எறிகிற பழக்கத்தை விட மறுக்கிறார்கள். கூடைப்பந்தில் இதைக் காட்டிலும் நஷ்டமான எறிதல் வேறு கிடையாது. தூரம் ஏறக்குறைய அதே தூரம். கிடைப்பதோ இரண்டு புள்ளி. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அங்கிருந்து பத்து முறை எறிந்து நான்கைப் போட்டால் 8 புள்ளி. இன்னொருவர் கோட்டுக்கு வெளியே நின்று பத்து எறிந்து மூன்றை மட்டும் போட்டால் 9 புள்ளி. சதவீதத்தில் முதலாமவர் மேலானவராகத் தெரிவார். ஸ்கோர்போர்டில் இரண்டாமவர் மேல். இதனால்தான் இன்று பலரும் சாதாரணச் சதவீதத்தோடு நிற்காமல், மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாக எண்ணிச் சதவீதம் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 45.

இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவறிய பந்துகளில் பெரும்பகுதி ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியவை. இடது, வலது என்று சிதறியிருந்தால் கையில் பிழை என்று சொல்லலாம். நேராக வந்து முன் விளிம்பில் பட்டால் பந்து தூரம் போதாமல் விழுகிறது என்று பொருள். ஏன் போதவில்லை? நம் கல்லூரி ஆடுகளத்தை நேரில் போய்ப் பாருங்கள். ரிங்குக்குக் கீழே உள்ள கட்டம் இன்னமும் அடிப்பக்கம் விரிந்த சரிவக வடிவில் வரையப்பட்டிருக்கிறது. ஃபிபா அந்த வடிவத்தை 2010 இல் கைவிட்டுச் செவ்வகமாக்கியது. அதே ஆண்டுதான் மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. நம் ஆடுகளத்தில் இருப்பது பழைய கோடு. பையன்கள் ஆண்டு முழுவதும் 6.25 மீட்டரில் எறிந்து பழகிவிட்டு, போட்டிக்குப் போன இடத்தில் அரை மீட்டர் தள்ளி நின்று எறிகிறார்கள். கால் தளர்கிற கடைசிக் கால் பகுதியில் அந்த அரை மீட்டர் முழுதாக வெளிப்படுகிறது.

ஆறாம் எண் அவர்கள் சொன்ன கார்டு குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் தனித்து நின்று, போதிய நேரம் இருந்தபோது எறிந்தவையும் முன் விளிம்பில்தான் பட்டன.

மூன்றாமாண்டு எழுதியது:

வணக்கம். நான் தற்போது அணியில் ஆடுகிறவன். பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். அண்ணன்மார்கள் எங்களைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

மேசைக்குறிப்பாளர் ஐயா சொன்ன கோடு விஷயம் உண்மை. எங்களுக்கு அது தெரியும். சுண்ணாம்பால் ஒரு முறை புதுக் கோடு போட்டோம். அடுத்த மழையில் கரைந்துவிட்டது. பெங்களூரில் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை எந்த மாலையில் மழை வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆடுகளம் திறந்தவெளி சிமெண்ட் தரை. ஒரு பக்கத்து ரிங் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதில் எறிந்தால் பந்து கொஞ்சம் குறைவாகப் போனாலும் உள்ளே விழும். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம்தான் எறிந்து பழகுகிறோம், ஏனென்றால் மற்றொரு பக்கத்தில் வலை கிடையாது. பயிற்சிக்குக் கிடைப்பது ரப்பர் பந்து. சிமெண்டில் தேய்ந்து தேய்ந்து வழுக்குகிறது. போட்டியில் கையில் தருவது மோல்டன் நிறுவனத்தின் பந்து. அதன் பிடிமானமே வேறு.

காற்றையும் சொல்ல வேண்டும். மாலையில் பக்கவாட்டுக் காற்று வீசும்போது பந்தை உயர்த்தி எறிந்தால் திசை மாறிவிடுகிறது என்பதால் எங்களில் பலர் தட்டையாக எறியப் பழகியிருக்கிறோம். உள்ளரங்கத்தில் அப்படி எறிவதால் ஏதாவது நஷ்டம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நந்தனம் எழுதியது:

தம்பி, நஷ்டம் உண்டு, அதுவும் பெரிய நஷ்டம். நான் உடற்கல்வி படித்தவன்; பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி அணிகளுக்கும் பயிற்சி கொடுத்துவருகிறேன். காரணத்தை விளக்குகிறேன்.

ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடுகிற 7 ஆம் அளவுப் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். நேர் மேலிருந்து விழும் பந்துக்கு 45 சென்டிமீட்டரும் திறந்த வாயாக இருக்கிறது. ஆனால் பந்து எப்போதும் சாய்வாகத்தான் வருகிறது. சாய்ந்து வரும் பந்தின் பார்வையில் ரிங் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் குறுகிவிடும். 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்குக் கிடைக்கிற இடைவெளி 32 சென்டிமீட்டர். அதாவது இரு பக்கமும் சேர்த்து 8 சென்டிமீட்டர் பிழைக்கு இடம் இருக்கிறது. 35 பாகையில் வந்தால் கிடைப்பது 26 சென்டிமீட்டருக்கும் குறைவு. 30 பாகையில் வெறும் 22.5, பந்தைவிடச் சிறிய வாசல். அந்தப் பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே போக வழியே இல்லை. தட்டையாக எறிகிறவர், தாம் எவ்வளவு குறி பார்த்து எறிந்தாலும், வாசலைத் தாமே குறுக்கிக்கொண்டு எறிகிறார்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் 2008 இல் ஃப்ரீ த்ரோவுக்கு, அதாவது ஃபவுலுக்குப் பிறகு மறிப்பார் இன்றி எறியும் எறிதலுக்கு, கணினியில் பல இலட்சம் எறிதல்களை நிகழ்த்திப் பார்த்தார்கள். கையை விட்டுப் புறப்படும்போது 52 பாகை அளவுக்கு உயரம், விநாடிக்கு மூன்று சுற்று பின்சுழற்சி, ரிங்கின் நடுவைக் காட்டிலும் சற்றுப் பின்பக்கம் குறி என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்சுழற்சி உள்ள பந்து ரிங்கிலோ அதன் பின்னால் உள்ள போர்டிலோ பட்டால் வேகம் தணிந்து உள்ளே சாயும். சுழற்சி இல்லாத பந்து துள்ளி வெளியேறும். கடைசியாகச் சொன்ன குறி விஷயம் உங்களுக்கு மிகவும் பயன்படும். முன் விளிம்பில் பட்டுத் திரும்புகிற அணி, பின் விளிம்பைப் பார்த்து எறிந்தாலே பாதி நோய் தீரும்.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது; அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒன்பது பத்து வயதுக் குழந்தை கையில் 7 ஆம் அளவுப் பந்தைக் கொடுத்து, 3.05 மீட்டர் உயர ரிங்கைக் காட்டி "போடு" என்கிறோம். அந்தக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் பந்தைத் தள்ளும் பலம் இல்லை. அது என்ன செய்யும்? பந்தை இடுப்புக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் வீசி எறியும். உடம்பைத் திருப்பும். தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். பந்து எப்படியோ உள்ளே விழுந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு அந்தப் பழக்கம் தசையில் ஊறிவிடுகிறது. மினி கூடைப்பந்து என்று சிறுவர்களுக்காகவே ஓர் ஆட்டம் இருக்கிறது; 5 ஆம் அளவுப் பந்து, 2.60 மீட்டர் உயர ரிங். அந்த ரிங் உள்ள பள்ளிகளை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் அணியில் தோளுக்குப் பின்னாலிருந்து எறிகிற பையன் ஒருவன் இருந்தால், அவனுடைய பிழை கல்லூரியில் பிறந்தது அன்று. அவன் நான்காம் வகுப்பில் கற்றுக்கொண்டதை இன்னும் செய்துகொண்டிருக்கிறான்.

ஆறாம் எண் எழுதியது:

நந்தனம் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. நான்காம் வகுப்பில் ஊறிய பழக்கத்தை இருபது வயதில், அதுவும் இரண்டு செமஸ்டர் தேர்வுகளுக்கு நடுவில், யார் திருத்துவது? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில்கூடத் தொடக்கச் சுற்றுகள் நாக் அவுட் முறைதான். ஒரு மோசமான நாள் வந்தால் அந்த ஆண்டே முடிந்துவிடும். பழக்கத்தைத் திருத்தும் காலத்தில் எறிதல் முதலில் இன்னும் மோசமாகும் என்பது பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்தது. எனவேதான் சொல்கிறேன்: சரியாக எறியக் கற்றுக்கொண்டு வருகிறவரைச் சேர்க்கையின்போதே தேட வேண்டும்.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வெற்றியைத் தீர்மானிக்கும் நான்கு காரணிகளாக எறிதல், பந்தைப் பறிகொடுத்தல், தாக்குதலில் எடுக்கும் ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஃப்ரீ த்ரோ ஆகியவற்றைச் சொல்லி, எறிதலுக்கு 40 சதவீதமும் பறிகொடுத்தலுக்கு 25 சதவீதமும் எடை கொடுத்தார். அந்த 25 சதவீதத்தைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை. எறியாமலே பறிபோகிற பந்துக்குச் சாய்வும் இல்லை, சுழற்சியும் இல்லை.

முன்னாள் தலைவி எழுதியது:

பெண்கள் அணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காதது எனக்குப் புதிதல்ல என்றாலும், இந்த விவாதத்துக்கு எங்கள் அனுபவம் நேரடியாகத் தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன்.

சேர்க்கையில் ஆள் தேட வேண்டும் என்கிறார் ஆறாம் எண். சரி, எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு நாளில் முதலில் உயரம் அளப்பார்கள். பிறகு சான்றிதழ்களைப் பார்ப்பார்கள்: மாநில அளவா, மாவட்ட அளவா என்று. பிறகு ஐந்துக்கு ஐந்து ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கிற கார்டுகள் அறிமுகமில்லாதவர்களுக்குப் பந்து தர மாட்டார்கள். ஓரத்தில் நிற்கிற நல்ல எறியாளர் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் இரண்டு பந்து வந்தால் பெரிது. அவர் பட்டியலில் இடம் பெற மாட்டார். உயரமானவர் நிச்சயம் இடம் பெறுவார். எறிதலைத் தனியாகச் சோதிக்கிற வழக்கமே இல்லாத ஒரு தேர்வு முறையை வைத்துக்கொண்டு, அணியில் எறியத் தெரிந்தவர் இல்லையே என்று ஆண்டுதோறும் வியப்படைகிறோம்.

உயரம் இல்லாமல் எறிதலை நம்பி மேலே வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதே பெங்களூரில் பதில் கிடைத்திருக்கிறது. 2019 இல் ஃபிபா மகளிர் ஆசியக் கோப்பை கண்டீரவா உள்ளரங்கத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானும் சீனாவும் மோதின. சீன அணியின் உயரம் ஜப்பானிடம் கிடையாது. ஆனால் ஐந்து பேரும் வெளியே விரிந்து நின்று எறிகிறார்கள், ஓடுகிறார்கள், பந்து யார் கையிலும் தங்குவதில்லை. 71-68 என்று ஜப்பான் வென்று தொடர்ந்து நான்காவது முறையாகக் கோப்பையை எடுத்தது. இரண்டாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஜப்பான் இறுதி வரை சென்று வெள்ளி வாங்கியது. கண்டீரவாவுக்கும் நம் கல்லூரிக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. நம் விளையாட்டுத் துறையிலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்?

அனிதா பால்துரை சென்னையிலிருந்து வந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2021 இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரும் கார்டுதான். தேர்வு நாளில் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பெண்கள் ஆடுவது 6 ஆம் அளவுப் பந்து. எங்கள் காலத்தில் ஆண்கள் அணி விட்டுச் சென்ற 7 ஆம் அளவுப் பந்துகளில்தான் பயிற்சி செய்தோம். இப்போதாவது மாறியிருக்கிறதா என்று மூன்றாமாண்டு தம்பி விசாரித்துச் சொல்ல முடியுமா?

கே.ஆர்.புரம் தந்தை எழுதியது:

என் மகன் இந்த அணியில் இருக்கிறான். திறமை, எறிதல் என்பவற்றைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பயிற்சி மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து அவன் மைதானத்துக்கு வருவதற்குள் ஆறாகிவிடும். ஆறே முக்காலுக்கு வெளிச்சம் போய்விடும். மைதானத்தில் விளக்கு இல்லை. அங்கிருந்து வீடு வந்து சேர, டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலைத் தாண்டி, ஒன்பதாகிறது. விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்குக் காலையில் ஆடுகளம் கிடைக்கிறது, வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்குறிப்பாளர் எழுதியது:

ஐயா, தகுதி இல்லை என்று சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதியது மிக முக்கியமான தகவல். முக்கால் மணி நேரத்தில் பதினைந்து பேர், வலை உள்ள ஒரே ரிங். ஒருவர் கைக்கு எத்தனை பந்து வரும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

ஆறாம் எண் அவர்களுக்கு: பறிகொடுத்தலைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான குறிப்பு. ஆனால் நம் பையன்கள் பந்தைப் பறிகொடுக்கிற இடம் எது என்று பாருங்கள். கட்டத்துக்குள், மூவர் சூழ்ந்த நிலையில். அது ஏரிக்கரை அவர்கள் முதலில் சொன்ன ஸோன் தடுப்பின் விளைவுதான். நடுக்கோட்டருகே கார்டிடமிருந்து பறிபோன பந்துகள் என் நோட்டில் மிகவும் குறைவு.

இதுவரை பேசாத ஃப்ரீ த்ரோவுக்கு வருகிறேன். இதில் தடுப்பாளர் இல்லை, கார்டு வேண்டாம், உயரம் வேண்டாம், தூரமும் மாறுவதில்லை. போர்டின் முகப்பிலிருந்து 4.60 மீட்டர், மைசூரிலும் மாட்ரிட்டிலும் அதே தூரம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளின் சராசரி 1960களின் நடுவிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 69 சதவீதத்தை ஒட்டியே நின்றது. உடற்பயிற்சி, உணவு, ஆடுகளம் எல்லாம் அங்கே எத்தனையோ மடங்கு முன்னேறியும் அந்த எண் அத்தனை காலமும் நகரவில்லை. ஏனென்றால் அது வசதியைப் பொறுத்ததன்று; ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் ஒழுங்கை எவ்வளவு விடாமல் காப்பாற்றுகிறார் என்பதைப் பொறுத்தது. எனவே வசதியில்லாத நம் அணி பணம் செலவழிக்காமல் மேலே ஏறக்கூடிய ஒரே படி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய என்.பி.ஏ. ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லேனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் ஃப்ரீ த்ரோவில் தடுமாறியவர். மொத்தச் சராசரி 51 சதவீதம். 1961-62 பருவத்தில் மட்டும் இரண்டு கைகளாலும் கீழிருந்து வீசும் முறைக்கு மாறினார். அந்தப் பருவத்தில் 61 சதவீதம் போட்டார். 1962 மார்ச் 2 அன்று நியூயார்க் அணிக்கு எதிராக 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே விழுந்தன. இருந்தும், பார்க்க நன்றாக இல்லை என்ற கூச்சத்தால் அந்த முறையைக் கைவிட்டார். அதே முறையைக் கடைசி வரை விடாத இன்னொரு என்.பி.ஏ. ஆட்டக்காரர் ரிக் பாரி ஏறக்குறைய 90 சதவீதத்தோடு ஓய்வு பெற்றார். நம் பையன்களைக் கீழிருந்து வீசச் சொல்லவில்லை. எது விழுகிறதோ அதைக் கூச்சமின்றிச் செய்ய வேண்டும் என்கிறேன். போர்டில் பட்டு விழும் எறிதல் பழைய பாணி என்று நம் உயரமான பையன் ஒருவர் அதைத் தவிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் நிற்கிறவருக்குப் போர்டைவிட நல்ல துணை இல்லை.

ஏரிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கார்டு ஒருவர் தேவை என்பதில் ஆறாம் எண் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அடுத்த சேர்க்கை ஜூன் மாதம்தான். அதற்கு முன்னால் செய்யக்கூடியவற்றைப் பற்றிப் பழைய மாணவர்கள் சிலரோடு பேசினேன்.

கோடும் கட்டமும் புதிய அளவில், சாலைக் குறியீட்டுக்குப் பயன்படுத்துகிற பெயின்ட்டில் வரையப்படும். செலவை நாங்கள் ஏற்கிறோம். உடற்கல்வி இயக்குநர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சாய்ந்த ரிங்கை நிமிர்த்த அவரே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் வலை, போட்டிக்குரிய தரத்தில் சில பந்துகள், அவற்றில் 6 ஆம் அளவும் கட்டாயம். முன்னாள் தலைவி அவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் எனக்கு நிம்மதி. விளக்கு விஷயம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, மனு கொடுத்திருக்கிறோம். அதுவரையில், வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்காக ஞாயிறு காலையில் ஒரு பயிற்சி வைக்கலாம்.

சேர்க்கைத் தேர்வில் எறிதலுக்குத் தனிச் சோதனை வேண்டும் என்பதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். ஐந்து இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பந்து, இறுதியில் ஓடி மூச்சு வாங்கிய நிலையில் பத்து ஃப்ரீ த்ரோ. உயரத்தை அளப்பதற்கு முன்பே இதை நடத்த வேண்டும்.

மூன்றாமாண்டு எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. முன்னாள் தலைவி அக்காவுக்கு: விசாரித்தேன். பெண்கள் அணியிடம் 6 ஆம் அளவுப் பந்து இரண்டு இருக்கிறது. ஒன்றில் காற்று நிற்பதில்லை.

நந்தனம் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்களுக்கு அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருக்கிறது. நான் வலது தோளுக்குப் பின்னாலிருந்து எறிகிறவன். நீங்கள் எழுதியது என்னைப் பார்த்து எழுதியதைப் போலவே இருந்தது. இப்போது மாற்றலாமா, அல்லது போட்டி முடியும் வரை இப்படியே ஆடலாமா? என்னோடு சேர்ந்து முதலாமாண்டுப் பையன் ஒருவனும் அதே பாணியில் எறிகிறான்.

நந்தனம் எழுதியது:

தம்பி, உங்கள் இருவருக்கும் வெவ்வேறு பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் கையை இப்போது மாற்ற வேண்டாம். ஆறாம் எண் அவர்கள் சொன்னது இதில் முற்றிலும் சரி. மாற்றத் தொடங்கினால் முதல் சில வாரங்களுக்கு இப்போது விழுகிறதும் விழாது. நீங்கள் மாற்ற வேண்டியவை மூன்று: பந்து கைக்கு வருவதற்கு முன்பே முழங்கால் வளைந்திருக்க வேண்டும், கண் பின் விளிம்பில் இருக்க வேண்டும், எறிந்த கை ரிங்கைத் தொடப்போவதைப் போல மேலேயே நிற்க வேண்டும். பந்தை வாங்கிய பிறகு குனிந்து எழுகிறவருக்கு அரை விநாடி போகிறது, காலின் பலமும் வீணாகிறது. முன் விளிம்பில் படுவதற்குக் கோடு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். கோட்டுக்கு ஓரடி உள்ளே நிற்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தூரம் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் நான்கடி முன்னால் போய் எறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில் வரிசையாக நின்று எறிவதை நிறுத்துங்கள். ஓட்டப் பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும்போது ஒவ்வொருவரும் இரண்டு இரண்டாக எறியுங்கள், போட்டியில் வருவதைப் போல. எறிந்ததை எண்ண வேண்டாம், விழுந்ததை எண்ணித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதலாமாண்டுப் பையனுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அவனை அடுத்த மாதப் போட்டியில் வெளியிலிருந்து எறிய விடாதீர்கள். தடுப்பாட்டத்துக்கும் ரீபவுண்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவன் ரிங்குக்கு மூன்றடி தூரத்தில் நின்று, ஒரு கையால் மட்டும், முழங்கை ரிங்கை நோக்க, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எறியட்டும். அது சலிப்பூட்டும் வேலை; நண்பர்கள் கேலி செய்வார்கள். நீங்கள் மூத்தவர், கேலியை நிறுத்துகிற பொறுப்பு உங்களுடையது. தூரத்தை வாரத்துக்கு ஓரடி மட்டும் கூட்டச் சொல்லுங்கள். நானும் வருகிற ஞாயிறு பெங்களூரில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஆடுகளம் திறந்திருக்குமானால் அவனையும் பெண்கள் அணியையும் அழைத்து வாருங்கள். அந்தக் காற்று நிற்காத பந்தையும் எடுத்து வாருங்கள், வால்வை மாற்றிப் பார்க்கலாம்.